அட்டைக்கு எந்த ஃபான்ட், உள்ளே எந்த ஃபான்ட்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் எழுத்துரு பற்றிய கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. சிற்றிதழ் தொடங்குபவர்கள், கல்லூரி மலர் போடுபவர்கள், டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

கே: நண்பர்கள் சேர்ந்து காலாண்டிதழ் தொடங்குகிறோம். 80 பக்கம், உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் கலர். அட்டைக்காக ஏகப்பட்ட ஃபான்ட் இறக்கி வைத்திருக்கிறோம், எதை எடுப்பது என்று சண்டையே நடக்கிறது. உள் பக்கத்துக்குக் கணினியில் இருப்பதே போதும்தானே? – திருநெல்வேலி வாசகர்

ப: போதாது. அந்தச் சண்டையை நீங்கள் போட வேண்டியது உள் பக்கத்துக்குத்தான். அட்டையில் இருப்பது பத்துப் பதினைந்து சொல். கடையில் நின்று ஒரு பார்வை பார்ப்பார்கள், பிடித்தால் எடுப்பார்கள். உள்ளே இருப்பது 80 பக்கம், அதைப் பேருந்திலும் மங்கலான விளக்கிலும் படித்தாக வேண்டும். கண் வலித்தால் கதை இழுக்கிறது என்று எழுதியவர் மேல் பழியைப் போட்டு இதழை மூடி வைத்துவிடுவார்கள், காரணம் எழுத்துரு என்று படிப்பவருக்கே தெரியாது. ஆகவே உள் பக்க எழுத்தை முதலில் முடிவு செய்யுங்கள், அட்டை அதன் பின்னால் வரட்டும்.

கணினியோடு வருகிற எழுத்துகளில் லதா விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது, இப்போது நிர்மலா யூஐ. இரண்டும் திரையில் நன்றாக உழைப்பவை, அலுவலகக் கடிதத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் கோடெல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருப்பதால் பக்கம் பக்கமாகக் காகிதத்தில் போடும்போது பக்கமே சப்பென்று ஆகிவிடும். நீளமாகப் படிக்கிற கதைக்கும் கட்டுரைக்கும் கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருகிற எழுத்துதான் நல்லது என்பது என் கட்சி. நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் இரண்டையும் போட்டுப் பாருங்கள். டிரோவில் தடித்த எழுத்து கிடையாது, ஒரே எடைதான் (எடை என்றால் கோட்டின் தடிமன்), உள்தலைப்புக்குத் துணையாக வேறொன்று தேவைப்படும். நோட்டோவில் 9 எடை இருக்கிறது. இல்லை, எங்களுக்கு ஒரே தடிமனான எழுத்துதான் பிடிக்கிறது என்றால் முக்த மலர், ஹிந்த் மதுரை இரண்டும் நம்பி எடுக்கலாம்.

பெயரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம், திரையில் பார்த்தும் வேண்டாம். வந்திருக்கும் கதையில் ஒரு பக்கத்தை எடுத்து, நாலு எழுத்துருவில், உங்கள் இதழின் அளவிலேயே, நீங்கள் வாங்கப்போகும் மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சில்லாத அச்சுத்தாள்) தாளிலேயே அடித்துப் பாருங்கள். பக்கத்தின் அடியில் இந்தச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மனம், மணம். ஆனி, ஆணி. பிடி, பீடி. மெல், மேல். கல, கல். மை கொஞ்சம் பரவினால் போதும், மூணு சுழி ண-வும் ரெண்டு சுழி ன-வும் கறுப்புக் கட்டியாகி ஒன்றுபோலத் தெரியும். பிடிக்கும் பீடிக்கும் இடையில் இருப்பது தலைக்கு மேல் ஒரு சின்னச் சுழிப்பு, மெல்லுக்கும் மேலுக்கும் இடையில் கொம்பின் இன்னொரு சுழி, கலவுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரே ஒரு புள்ளி. ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளி வைக்காமலே விட்டார்கள், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். இன்றைய வாசகருக்கு அந்த வேலையைக் கொடுக்க நமக்கு ஒரு நியாயமும் இல்லை. அடித்த தாளைக் கையில் வைத்துப் படிக்கும் தூரத்தில் இந்த ஐந்து ஜோடியும் பளிச்சென்று பிரிந்து தெரிந்தால் அந்த எழுத்துருவை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் ஸ்ரீ, க்ஷ, கௌ, ழூ, ரூபாய்க் குறி, 0 முதல் 9 வரை எண்கள், மேற்கோள் குறி எல்லாம் அதில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். ஒன்று இல்லையென்றாலும் மென்பொருள் கட்டம் போட்டுவிடும், அல்லது வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கி வைத்துவிடும், பிழை திருத்தும்போது அது கண்ணில் படாது.

கடைசியாக அளவு. 11 பாயின்ட் என்றால் எல்லா எழுத்துருவிலும் ஒரே உயரம் வராது; எண்ணை மறந்துவிட்டு 'க' எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து ஒப்பிடுங்கள். வரி இடைவெளியில் தாராளமாக இருங்கள். நமக்கு மேலே புள்ளியும் சுழிப்பும் உண்டு, கீழே து, நு, ழூ என்று வால்கள் உண்டு, மேல் வரியின் 'து' இறங்கி வந்து கீழ் வரியின் 'தீ' தலையில் இடிக்கும். பக்கம் அமைக்கிற மென்பொருளான இன்டிசைன் தானாக விடுகிற இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம், தமிழுக்கு அது காணவே காணாது. 10.5 பாயின்ட் எழுத்துக்கு 15 பாயின்ட் வரி இடைவெளி, 11-க்கு 16 என்று ஆரம்பித்து, அடித்துப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

கே: எங்கள் கல்லூரி ஆண்டு மலரின் அட்டையில் புகைப்படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தோம். கணினியில் அருமையாக இருந்தது, அச்சில் பாதி எழுத்தைக் காணோம். அட்டையில் எத்தனை ஃபான்ட் வரை போடலாம் என்பதையும் சொல்லுங்கள். – கும்பகோணம் மாணவி

ப: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இதழின் பெயருக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று, அவ்வளவுதான். அட்டையில் நாலு விதமான எழுத்து வந்தால் எதுவும் காதில் விழாது, எல்லாம் சேர்ந்து கத்துவது மட்டும்தான் கேட்கும்.

இதழின் பெயரை ஃபான்ட்டில் போடாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். கையால் எழுத வையுங்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் ஓவியரே தொடர்கதையின் தலைப்பையும் எழுதிக் கொடுக்கிற பழக்கம் நெடுநாள் இருந்தது. பேய்க்கதைக்கு ஒரு கோடு, குடும்பக் கதைக்கு ஒரு கோடு என்று எழுத்தைப் பார்த்தே கதையின் குணம் தெரிந்துவிடும். உங்கள் கல்லூரியிலேயே சுவரெழுத்தோ கோலமோ அழகாகப் போடுகிற கை ஒன்று நிச்சயம் இருக்கும், அந்தக் கையைத் தேடுங்கள். வெள்ளைத்தாளில் பிரஷ்ஷால் எழுதச் சொல்லி, ஸ்கேன் செய்து, கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் கோடாக மாற்றிக்கொண்டால் மலருக்கென்று ஒரு முகம் கிடைத்துவிடும், அடுத்த வருடமும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

மற்ற வரிகளுக்கு அனேக் தமிழ் நல்ல தேர்வு. ஒடுங்கியது முதல் அகன்றது வரை 5 அகலம், மெலிந்தது முதல் தடித்தது வரை 8 எடை. அட்டைக்கு இது ஏன் உபயோகம் என்றால், தமிழ்ச் சொல் நீளமானது, 'நேர்காணல்', 'சிறப்புக்கட்டுரை' என்று ஒரு வரியில் நிற்காத சொற்களாகவே வரும்; அப்போது சாதாரண எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கி உள்ளே திணிக்கிறார்கள், நேர்க்கோடு மெலிந்து படுக்கைக்கோடு தடித்து எழுத்து விகாரமாகிவிடுகிறது. ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்து இருக்கும்போது நசுக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்து விடுவதும் வேண்டாம், கொம்பு தன் எழுத்தை விட்டு விலகிப் போய் முன் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது காணாமல் போன வெள்ளை எழுத்து. கலர் அச்சு என்பது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக நாலு பிளேட் (அச்சுத் தகடு) ஒன்றின் மேல் ஒன்றாக விழுவது. வெள்ளை எழுத்து என்றால் நாலு பிளேட்டிலும் அந்த இடத்தை மை இல்லாமல் விட வேண்டும். ரெஜிஸ்டர், அதாவது நாலு பிளேட்டும் ஒன்றோடொன்று பொருந்துவது, ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மெல்லிய கோட்டுக்குள் ஏதாவது ஒரு நிறம் ஏறிவிடும், அதில் முதலில் போவது புள்ளியும் சுழியும். வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் நடுத்தரத்துக்கு மேல் தடிமன் உள்ளதாக, 14 பாயின்ட்டுக்குக் குறையாமல், படத்தில் கூட்டமில்லாத இடத்தில் வையுங்கள். வானம், சுவர், நிழல் விழுந்த தரை இப்படி. அதேபோல் உள்ளே கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் 100 சதவீதம் இருக்கட்டும். நாலு மையும் கலந்த கறுப்பாக இருந்தால் ஒவ்வொரு எழுத்தும் நிற நிழலோடு வரும்.

கே: எங்கள் சங்கத்தின் இதழ் வருடக்கணக்காகப் பாமினி என்ற பழைய ஃபான்ட்டில்தான் வந்தது. இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றினால் இன்டிசைனில் கொம்பெல்லாம் இடம் மாறி நிற்கிறது. மாற்றி வைத்த பழைய கட்டுரைகளில் சில சொற்களைத் தேடினாலும் அகப்படுவதில்லை. – யாழ்ப்பாணம் வாசகர்

ப: இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்.

பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று தட்டல், தட்டிய வரிசையிலேயே திரையிலும் நிற்கும். யூனிகோடில் 'க' முதலில், அதன் பின் ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. இன்டிசைனில் அந்த வேலையைச் செய்வது வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர். பத்தி அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பாராகிராஃப் ஸ்டைலிலேயே சேமித்துவிடுங்கள், கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். இன்டிசைனுக்கு முந்தைய மென்பொருளான பேஜ்மேக்கரில் இது நடக்கவே நடக்காது, அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல், அதற்கு யூனிகோடு தெரியாது. இன்னும் அதில் வேலை செய்கிறவர்கள் மாறித்தான் ஆக வேண்டும்.

தேடல் சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் ஔ. பழைய எழுத்துருக்களில் 'ஔ' போடுவதற்கு 'ஒ'வையும் 'ள'வையும் பக்கத்தில் வைத்துவிடுவோம், கண்ணுக்கு ஒன்றுதான். மாற்றும்போது அது 'ஒள' என்று இரண்டு எழுத்தாகவே போய் உட்கார்ந்துவிடும். ஔவையாரைத் தேடினால் ஔவையார் வரமாட்டார். கௌரி, சௌகரியம், மௌனம் எல்லாவற்றிலும் இதே கதைதான், கொம்பும் ளகரமும் தனித்தனியாக நிற்கும். 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான '௭' உட்கார்ந்திருப்பதும் உண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்தால்கூடச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. மாற்றிய கோப்பில் இவற்றைத் தேடி மாற்றிவிடுங்கள், ஆனால் மொத்தமாக ஒரே தட்டில் வேண்டாம். 'ஒளி', 'ஒளிந்து' என்று உண்மையான ஒ-வும் ள-வும் வரும் சொற்களும் கூடவே மாறிவிடும். பழைய இதழ்களை இப்போதே மாற்றுகிறீர்களே, அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். எழுத்துரு தொலைந்தால் அந்தக் கோப்புகளைப் படிப்பது பெரும்பாடாகிவிடும்.

கே: வேற்றுமொழிச் சொல்லையும் அழுத்தம் தரும் சொல்லையும் சாய்வெழுத்தில் போடலாமா? – மதுரை வாசகர்

ப: வேண்டாம். தமிழ் அச்சில் சாய்வெழுத்துக்கென்று மரபு வளரவில்லை, பெரும்பாலான எழுத்துருக்களில் சாய்வு வரையப்படவும் இல்லை. நீங்கள் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் நேரான எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். ஒற்றை மேற்கோள் போதும், இல்லையென்றால் உண்மையான தடித்த எழுத்து. தடித்த எழுத்திலும் கவனம்: ஒரே எடை உள்ள எழுத்துருவில் போல்டு போட்டால் மென்பொருள் கோட்டைச் சுற்றி மை பூசுகிறது, ண-வின் சுழிகள் அடைந்துவிடும்.

கே: பத்தியை இரண்டு பக்கமும் நேராக வைத்தால் சொற்களுக்கு நடுவில் பெரிய பெரிய ஓட்டை விழுகிறது. வாடிக்கையாளர் ஒத்துக்கொள்வதில்லை. – சிவகாசி, டி.டி.பி. தொழில்

ப: 'எழுதிக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒற்றைச் சொல்லைக் குறுகிய பத்தியில் வைத்துப் பாருங்கள், வரியில் பாதியை அதுவே தின்றுவிடும். அது வரிக்குள் கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போனால் மீதி இருக்கும் இரண்டு சொல்லும் வரியின் இரண்டு முனைக்கு ஓடும், ஓட்டை அங்கேதான் விழுகிறது. ஈய எழுத்து கோத்த கம்பாசிட்டர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. இடம் முடிந்ததும் சொல்லை உடைத்து, இணைப்புக் கோடும் போடாமல், மிச்சத்தை அடுத்த வரியில் கோத்துவிடுவார்கள், நாமும் தடங்கலில்லாமல் படித்துப் பழகியிருக்கிறோம். அதையே நீங்களும் செய்யலாம். உடைக்க வேண்டிய இடத்தில் இன்டிசைனின் டிஸ்க்ரிஷனரி லைன் பிரேக்கைச் செருகினால் தேவைப்பட்டால் மட்டும் அங்கே உடையும், கோடு வராது.

எங்கே உடைப்பது என்பதில்தான் கை தெரிய வேண்டும். புள்ளி வைத்த எழுத்தில் எந்த வரியும் தொடங்கக் கூடாது. 'எழுதிக் / கொண்டிருந்தார்கள்' சரி, 'எழுதி / க்கொண்டிருந்தார்கள்' என்று 'க்' தலைப்பில் வந்தால் படிப்பவருக்கு நாக்கு தடுக்கும். வரிக் கடைசியில் ஒற்றை எழுத்தை அநாதையாக விட வேண்டாம். பழைய எழுத்துருவில் வேலை என்றால் கொம்பு மட்டும் மேல் வரியில் தங்கி, எழுத்து கீழே போய்விடுகிற விபத்து நடக்கும், அதற்கென்றே ஒரு முறை வலது ஓரத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துவிடுங்கள். உடையும் இடத்தில் வேறு கெட்ட பொருள் வந்துவிடுகிறதா என்றும் வாய்விட்டுப் படியுங்கள்.

ஏ4 பக்கத்தை மூன்று செங்குத்துப் பத்தியாகப் பிரிக்கக் கேட்டால் இரண்டாக்கச் சொல்லிப் பாருங்கள். ஒத்துவரவில்லையா, இடது ஓரம் மட்டும் நேராக வைத்து வலதை அதன் போக்கில் விடுங்கள். குறுகிய பத்தியில் அதுவே சுத்தமாக இருக்கும், ஒரு பக்கம் அடித்துக் காட்டினால் வாடிக்கையாளரும் வழிக்கு வருவார்.

கே: 1960-களின் தமிழ்ப் பத்திரிகைகள் பற்றிச் சிறப்பிதழ் போடுகிறோம். அட்டையில் பழைய 'லை', 'னை' வர வேண்டும். எந்த ஃபான்ட்? – கோயம்புத்தூர் வாசகர்

ப: நல்ல எண்ணம். பெரியார் 1935-இல் குடிஅரசில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது. ணை, லை, ளை, னை நான்கும், ணா, றா, னா மற்றும் அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களுமாக 13 எழுத்து மாறியது. யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றே, எந்த உருவம் காட்டுவது என்பது எழுத்துருவின் கையில். பழைய வடிவம் உள்ள எழுத்துருவைத் தேடி அலைவதைவிட, அந்தக் காலத்து இதழ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலைப்பைக் கையால் எழுத வையுங்கள். லை, னையில் மட்டும் யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவை வைத்துவிட்டு 'றா'வைப் புதிதாக விட்டுவிடாதீர்கள், 13-உம் சேர்ந்தே வர வேண்டும். உள் பக்கங்களில் இன்றைய எழுத்தே இருக்கட்டும், பள்ளிப் பிள்ளைகளும் படிக்க வேண்டுமல்லவா.

கே: இலவச ஃபான்ட்டை விலைக்கு விற்கும் இதழில் போடலாமா? – ஈரோடு வாசகி

ப: உரிமத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்று இருந்தால் தாராளமாகப் போடலாம், இதழை விற்கவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மேலே நான் சொன்ன நோட்டோ, டிரோ, முக்த மலர், ஹிந்த் மதுரை, அனேக் எல்லாம் இந்த உரிமத்தில் வருபவை. 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் இதழுக்கு ஆகாது. யாரோ பென்டிரைவில் கொடுத்தது என்றால் தொடவே வேண்டாம், ஒரு எழுத்துருவை வரைய மாதக்கணக்கில் உழைக்கிறார்கள்.

கே: எனக்கு வயது 74. இளமையிலிருந்து படிக்கிற மாத இதழில் எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. கேட்டால் பெரிதாக்கினால் பக்கம் கூடும், விலை கூடும் என்று பதில் வருகிறது. நியாயமா? – சேலம் வாசகர்

ப: ஐயா, அவர்கள் சொல்லும் கணக்கு பொய்யில்லை. 10 பாயின்ட்டை 11 ஆக்கினால் உயரத்திலும் அகலத்திலும் பத்தில் ஒரு பங்கு கூடும், இடம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். 10 பக்கக் கதை 12 பக்கமாகும். ஆனால் பெரிதாக்காமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதை அவர்கள் செய்யலாம். அதே பாயின்ட்டில் உடல் பெரிதாக நிற்கும் எழுத்துருவுக்கு மாறலாம். சாம்பல் நிறத்தில் போடுகிற எழுத்தை முழுக் கறுப்பாக்கலாம். கட்டத்துக்குள் நிறம் பூசி அதன் மேல் எழுத்து வைப்பதை நிறுத்தலாம், பின்பக்க அச்சு தெரிகிற மெல்லிய தாளை மாற்றலாம். ஓரத்து அலங்காரக் கோடுகளை எடுத்தால் வரி இடைவெளிக்கு இடம் கிடைக்கும். இடைவெளி கூடினாலே பாதிச் சிரமம் குறைந்துவிடும், வயதான கண்ணுக்கு ஒரு வரி முடிந்து அடுத்த வரியைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

நீங்கள் அவர்களுக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்று பொதுவாக எழுதாமல், இந்த மாத இதழில் எந்தெந்தப் பக்கம் படிக்க முடியவில்லை, அதில் எந்தப் பெட்டி, எந்தப் படத்தின் மேல் உள்ள எழுத்து என்று பக்க எண்ணோடு குறித்து அனுப்புங்கள். முடிந்தால் அந்தப் பக்கங்களையே கிழித்து, படிக்க முடியாத வரிகளுக்குக் கோடு போட்டு, 'வடிவமைப்பாளர் பார்வைக்கு' என்று உறையின் மேல் எழுதிவிடுங்கள்.